ஒருங்கிணைப்பு அறையில் வேலை பார்த்த காலம்

நான் படித்த மாற்றுக் கல்லூரியில் முதல்வர் கிடையாது, தேர்வு கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. படிப்பு முடிந்ததும் அங்கேயே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அலுவலகம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அது 'ஒருங்கிணைப்பு அறை'. மாணவனாக இருந்தபோது சுதந்திரமாகத் தெரிந்த பல விஷயங்கள், மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததும் வேறு மாதிரி தெரிந்தன.

சான்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் விரிவாக எழுதித் தர வேண்டும். அருமையான முறைதான். எனக்கு எழுதித் தந்தவற்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் எழுத வேண்டியவர் எழுதாமலே வேலையை விட்டுப் போய்விட்டால்? மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஒரு மாணவி அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். அந்த ஆசிரியருக்குப் பதிலாக யார் எழுதுவது, யார் கையெழுத்துப் போடுவது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. 'பேசி முடிவெடுக்கலாம்' என்றார்கள். கூட்டம் போட்டோம். மனிதரை மனிதர் மதிப்பிடலாமா என்று பேசினோம். அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது.

எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பது அங்கே விதி. நடைமுறையில், ராத்திரி வரை உட்காரத் தெம்பு உள்ளவர் சொன்னதே முடிவு. சமையலறைக்காரர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். கூட்ட முடிவுகளைக் குறித்து வைக்கும் மினிட்ஸ் எழுதுவது அதிகாரத்தனம் என்பது ஒரு மூத்த ஆசிரியரின் கருத்து. அதனால் அடுத்த வாரம் அதே விஷயத்துக்கு வேறு முடிவு வரும். சம்பளம் தாமதமானால் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்பார்கள். வேறு வருமானம் உள்ளவர்களால்தான் அந்தக் குடும்பத்தில் நிம்மதியாக இருக்க முடிந்தது.

பணக்கஷ்டம் இப்படிப்பட்ட இடங்களுக்குப் புதிதல்ல. தாகூரே தான் தொடங்கிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்துக்காகத் தள்ளாத வயதில் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனார். 1936ல் காந்தி 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து கொடுத்த பிறகுதான் அந்தப் பயணம் நின்றது. அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரியை 1933ல் ஆசிரியர்களே சொந்தமாகத் தொடங்கி நடத்தினார்கள். ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ், இசையமைப்பாளர் ஜான் கேஜ் போன்றவர்கள் கற்பித்த இடம். அதுவும் கடனில் மூழ்கி 1957ல் மூடப்பட்டது.

ஆனால் பணத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே அமெரிக்காவில் 1917ல் தொடங்கிய டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரியில் மொத்த மாணவர்களே முப்பது பேருக்குள்தான். யாரைச் சேர்ப்பது, எந்த ஆசிரியரை எடுப்பது என்பதில்கூட மாணவர் குழுக்களுக்குப் பங்கு உண்டு. அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது. அதற்கு அறக்கட்டளைப் பணம் இருப்பது உண்மைதான். ஆனால் எந்தக் குழுவுக்கு என்ன பொறுப்பு என்பதும் அங்கே தெளிவாக இருக்கிறது. எங்கள் இடத்தில் அதிகாரம் இல்லாமல் இல்லை. யாரிடம் இருக்கிறது என்று கேட்கத்தான் வழியில்லை. ஆசிரியர்களோடு நெருக்கமாக இருந்த மாணவர்களுக்குச் சான்றிதழ் உடனே கிடைத்தது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் காத்திருந்தார்கள்.

இதையெல்லாம் மீறி அங்கே கற்றது வேறெங்கும் கிடைத்திருக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்மையில் பழைய மாணவர்களிடம் கட்டட நிதி கேட்டார்கள். கட்டடத்துக்கு வேண்டாம், முழுநேர எழுத்தர் ஒருவருக்குச் சம்பளம் என்றால் என் பங்கைத் தருகிறேன் என்று எழுதினேன். அது பற்றிக் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறதாம்.