மைனிக்கு வராத மாத்திரை

களியக்காவிளையில் என் மெடிக்கலுக்கு இமாட்டினிப் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிச் சீட்டோடுதான் வருவார்கள். சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை அது. கையிருப்பு இல்லையென்றால் மொத்தக் கடைக்குச் சொல்லி மறுநாள் வரவழைத்துவிடுவேன். காசுக்குத் தட்டுப்பாடு என்றால் எல்லை தாண்டி காருண்யா பார்மசிக்குப் போகச் சொல்வேன். 2024 ஆகஸ்டிலிருந்து அதன் சில கவுண்டர்களில் கேரள அரசு புற்றுநோய் மருந்துகளை லாபமே வைக்காமல் கொடுக்கிறது.

அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கும் என் மைனிக்கும், அதாவது அண்ணிக்கும், இதே மாத்திரைதான். ஆனால் டாக்டர் எழுதியதும் பக்கத்துக் கடையில் போய் வாங்கிவிட அவர்களால் முடியாது. காப்பீட்டுக் கம்பெனிக்காக மருந்துப் பட்டியல் போடுவது, விலை பேசுவது, கடைக்காரருக்குப் பணம் தீர்ப்பது எல்லாவற்றையும் பி.பி.எம். என்ற இடைநிறுவனம் செய்கிறது. அதன் முன் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், அவர்கள் காட்டுகிற பார்மசியிலிருந்து பார்சலில்தான் வரவேண்டும்.

போன ஆவணியில் அனுமதியைப் புதுப்பிக்கிற தாள் எங்கேயோ சிக்கிக்கொண்டது. "டாக்டர் எழுதியாச்சு, மருந்து அவங்க கிட்டங்கியில இருக்கு, எனக்கு மட்டும் வரல்ல தம்பி" என்று மைனி ஃபோனில் அழுதார்கள். ஒருநாள்கூட விட்டுவிடாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லித்தான் நான் இந்த மாத்திரையைக் கொடுக்கிறேன். மைனிக்கு என்ன சொல்ல?

சி.வி.எஸ். கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் என்ற மூன்று பி.பி.எம்.களும் சேர்ந்து அமெரிக்க மருந்துச் சீட்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தைக் கையாளுகின்றன. மூன்றுக்குமே சொந்தக் குழுமத்தில் காப்பீடும் உண்டு, பார்மசியும் உண்டு. அனுமதி கொடுக்கிறவரும் விற்கிறவரும் ஒரே வீட்டுக்காரர். அந்நாட்டு வர்த்தக ஆணையம், எஃப்.டி.சி., 2024 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில் இமாட்டினிப், புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராட்டெரோன் இரண்டின் ஜெனரிக்கையும் எடுத்துப் பார்த்தது. மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில், இந்த மூன்றையும் சேர்ந்த பார்மசிகளுக்கு மருந்தின் சராசரிக் கொள்முதல் விலைக்கு மேல் கிடைத்தது சுமார் 160 கோடி டாலர். காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் மலிவாகச் செய்கிற மாத்திரையில்!

நம் ஊரில் இது மலிவானதற்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், இதே மாத்திரையை கிளிவெக் என்ற பெயரில் விற்ற நோவார்டிஸ் கம்பெனிக்குக் காப்புரிமை மறுத்தது. அப்போது கிளிவெக் மாதத்துக்கு லட்சத்துக்கு மேல், இந்திய ஜெனரிக் பத்தாயிரத்துக்குள். இங்கேயும் கஷ்டப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் சீட்டும் மருந்தும் இருக்கும்போது இடையில் யாரும் கை நீட்டித் தடுப்பதில்லை.

அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள்: அனுமதி முடிகிற தேதிக்கு ஒரு மாதம் முன்பே டாக்டர் அலுவலகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். மறுத்துவிட்டால் மேல்முறையீட்டில் 'அவசரம்' என்று டாக்டரையே எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான காப்பீடுகளில் 72 மணி நேரத்துக்குள் பதில் தந்தாக வேண்டும் என்பது அங்குள்ள விதி.