பெட்டிமேல் ஒரு பெயர், நிரலுக்குள் இன்னொரு பெயர்

கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று விற்கப்பட்ட ட்யூனர் கார்டுகளும் யூஎஸ்பி ஸ்டிக்குகளும் தனியாக வருவதில்லை. பெட்டிக்குள் ஒரு சிறிய ஆன்டெனா, ஒரு ரிமோட், ஒரு குறுவட்டு ஆகியவையும் இருக்கும். அந்தக் குறுவட்டில் உள்ள, தொலைக்காட்சியைப் பார்க்கவும் பதியவும் உதவும் மீடியா சென்டர் மென்பொருளைத் திறந்தால் கார்டு நிறுவனத்தின் சின்னமே பெரிதாகத் தெரியும். ஆனால் அதை எழுதியவர்கள் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தார். ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, பெயரையும் தோற்றத்தையும் மாற்றித் தன் பொருளாகவே முன்வைப்பது இத்துறையில் நெடுநாளைய வழக்கம். சட்டப்படி இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனாலும், எழுதியவர் யார் என்பதை மறைத்துவிடும் இந்த வழக்கத்தால் பயனருக்கு நேரும் இழப்பு வாங்கும் நாளில் தெரியாமல் சில ஆண்டுகள் கழித்தே தெரியவருகிறது என்பதை, பல ட்யூனர்களோடு பழகியவன் என்ற முறையில் எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில், கார்டு நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்தன என்பதைப் பார்க்க வேண்டும். இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை சிப்புகளையும் தாங்களே செய்வதில்லை. புரூக்ட்ரீ வடிவமைத்து, பின்னர் கனெக்சன்ட் பெயரில் விற்கப்பட்ட 878 என்ற சிப்பை எடுத்துக்கொள்வோம். லினக்ஸில் அந்தச் சிப் குடும்பத்தை இயக்கும் நிரலான டிரைவரோடு வரும் பட்டியலில் 150க்கும் மேற்பட்ட கார்டுகள் இடம்பெற்றிருக்கின்றன. அத்தனை பெட்டிகள், அத்தனை பெயர்கள், உள்ளே ஏறத்தாழ ஒரே இதயம். சிப்பை ஓரிடத்திலும் ட்யூனர் டப்பாவை வேறிடத்திலும் வாங்கிப் பலகையில் பொருத்தி விற்கும் ஒரு தொழிலில், மென்பொருளையும் வெளியில் வாங்குவது இயல்பாகவே தோன்றியிருக்கும்.

அந்த மென்பொருளும் எளிதில் எழுதிவிடக் கூடியது அன்று. சேனல்களைத் தேடிச் சேமிக்க வேண்டும். நேரலையை இடையில் நிறுத்தி விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். குறித்த நேரத்தில் கணினியைத் தூக்கநிலையிலிருந்து எழுப்பிப் பதிவு செய்ய வேண்டும். நாற்காலியில் சாய்ந்தபடி ரிமோட்டால் இயக்கத்தக்க பெரிய எழுத்துத் திரையும் வேண்டும். அனலாக் காலத்தில் சிக்கல் இன்னும் பெரிது. 720க்கு 576 புள்ளிகள் கொண்ட படம் வினாடிக்கு 25 முறை, புள்ளி ஒன்றுக்கு இரண்டு பைட் வீதம் வந்து சேர்ந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 20 மெகாபைட் ஆகிறது. சுருக்கும் சிப் பலகையிலேயே இல்லாத கார்டுகளில் அவ்வளவையும் கணினியின் செயலியே சுருக்கியாக வேண்டும். ஹாப்பாக்கின் பிவிஆர் 250, பிவிஆர் 150 போன்ற கார்டுகள் அந்த வேலையைத் தங்கள் பலகையிலேயே செய்ததால்தான் அக்காலத்தில் அவ்வளவு மதிக்கப்பட்டன. இதற்கெல்லாம் மேலாகக் காப்புரிமைக் கட்டணம் இருந்தது: எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்ட படத்தை விரித்துக் காட்டும் டிகோடர் ஒன்றுக்கு 2002 முதல் 2.50 டாலரும், 2010 முதல் 2 டாலரும் செலுத்த வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமைகள் முற்றாகக் காலாவதியானது 2018 இல்தான். உரிமம் பெற்ற டிகோடரோடு தயாராக இருக்கும் மென்பொருளை வாங்கிச் சின்னத்தை மட்டும் மாற்றிக்கொள்வது கார்டு நிறுவனத்துக்கு எல்லா வகையிலும் மலிவான வழி.

பெயர் மாற்றம் எவ்வளவு மேலோட்டமானது என்பதை யாரும் தாமாகவே பார்த்துக்கொள்ளலாம். நிறுவல் கோப்பின் மீது வலச் சொடுக்கிட்டுப் பண்புகளைத் திறந்து, பதிப்புரிமை வரியையும் டிஜிட்டல் கையொப்பத்தையும் பாருங்கள். பெட்டியில் எங்குமே அச்சிடப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்கும். நிறுவிய பிறகு கோப்புறைக்குள் சென்றால் தோல்களுக்கென்று, அதாவது திரையின் தோற்றத்தை மாற்றும் படங்களுக்கென்று, ஒரு துணைக் கோப்புறை இருக்கும். அதில் பின்னணிப் படமும் பொத்தான் படங்களும் சின்னமும் கிடக்கும். சில தொகுப்புகளில் வேறு கார்டு நிறுவனங்களுக்காகச் செய்த சின்னங்களையும் நீக்க மறந்து அப்படியே விட்டிருப்பார்கள். நான் பயன்படுத்திய ஒரு மென்பொருளின் உதவிப் பக்கங்களில் முதல் அத்தியாயம் புதிய பெயரிலும், நான்காம் அத்தியாயத்திலிருந்து பழைய பெயரிலும் இருந்தது. அப்பழைய பெயரைக் கொண்டு தேடியபோதுதான், அதே மென்பொருளின் முழுப் பதிப்பு இரண்டு தலைமுறை முன்னேறியிருப்பதும், எனக்கு வந்தது அதன் குறைக்கப்பட்ட பழைய பதிப்பு என்பதும் தெரியவந்தது.

குறைக்கப்பட்ட பதிப்பு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் மாறும்போது வசதிகளும் சத்தமின்றிக் கழிகின்றன. டால்பி ஒலிக்கான டிகோடர் இருக்காது. இரண்டு ட்யூனர்களை ஒன்றாகக் கையாளும் திறன் இருக்காது. ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைப் பதியும் வசதி இருக்காது. பெரும்பாலான தொகுப்புகளில் ஒரு பூட்டும் உண்டு: மென்பொருள் தொடங்கும்போது அந்த நிறுவனத்தின் ட்யூனர் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் திறக்காது. யூஎஸ்பி கருவி ஒவ்வொன்றும் தன் தயாரிப்பாளர் எண்ணைக் கணினியிடம் சொல்லும் என்பதால் இந்தச் சோதனை எளிது. ஹாப்பாக்கின் எண் 2040, பினக்கிளின் எண் 2304. டிரைவர் கோப்புறையில் இருக்கும் சிறிய உரைக்கோப்பைத் திறந்தால் இந்த எண்களையும், எந்த எண்ணுக்கு எந்தப் பெயரைத் திரையில் காட்ட வேண்டும் என்ற வரிகளையும் நேரில் படிக்கலாம்.

முழுக் கணினிகளோடு வந்த மீடியா சென்டர்களிலும் இதே கதைதான். ஏசரின் ஆர்கேட், டெல்லின் மீடியா டைரக்ட், எச்.பி.யின் குவிக்பிளே ஆகிய மூன்றும் மூன்று நிறுவனங்களின் சொந்தப் படைப்புகள் போலத் தோன்றினாலும், அவற்றின் பின்னால் இருந்தது தைவானின் சைபர்லிங்க். இதற்கு மாறாக, ஒளிவுமறைவு இல்லாமல் செய்தவர்களும் உண்டு. டெக்னிசாட் தன் ஸ்கைஸ்டார் கார்டுகளோடு கொடுத்த டிவிபிவியூவர், டெக்னிசாட் பதிப்பு என்ற அடைமொழியோடு தன் சொந்தப் பெயரிலேயே வந்தது. அதுவும் குறைக்கப்பட்ட பதிப்புதான், அதுவும் அந்த நிறுவனத்தின் கருவிகளுக்கு மட்டுமே ஆனதுதான். ஆனாலும் பயனர் எங்கே போய்க் கேட்க வேண்டும், முழுப் பதிப்பு வேண்டுமானால் யாரிடம் வாங்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. ஹாப்பாக்கும் தன் எச்டி பிவிஆர் கருவியோடு ஆர்க்சாஃப்ட்டின் டோட்டல் மீடியாவை அதன் பெயரிலேயே கொடுத்தது. செய்ய முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை என்பதற்கு இவை சான்று.

பெயர்கள் கைமாறும்போது நிலைமை எவ்வளவு சிக்கலாகும் என்பதற்கு பினக்கிள் நிறுவனத்தின் பிசிடிவி ட்யூனர்கள் நல்ல எடுத்துக்காட்டு. 2005 இல் பினக்கிளை அவிட் வாங்கியது. 2008 இல் பிசிடிவி ட்யூனர் பிரிவை மட்டும் பிரித்து ஹாப்பாக்குக்கு விற்றது. 2012 இல் பினக்கிள் என்ற பெயரும் வீடியோ தொகுப்பு மென்பொருளும் கோரல் நிறுவனத்துக்குப் போயின. ஸ்டிக்கின் மேல் பினக்கிள் என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து, பினக்கிள் பெயரை இன்று வைத்திருப்பவரிடம் போனால் ட்யூனரைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. இவ்வளவுக்கும் இங்கே டிவி சென்டர் என்ற மென்பொருள் ட்யூனரோடு சேர்ந்தே பயணித்தது. மென்பொருள் மூன்றாம் நிறுவனத்துடையதாக இருக்கும் இடங்களில் அந்த இழையும் அறுந்துவிடுகிறது.

எனக்கு நேர்ந்ததும் அதுவே. இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மீடியா சென்டர் ட்யூனரைக் காணவில்லை என்று சொல்லத் தொடங்கியது. விண்டோஸின் வன்பொருள் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் ட்யூனர் குறையின்றித் தெரிந்தது. வேறொரு மென்பொருளில் சேனல்களும் வந்தன. பழுது அந்தப் பெயர்மாற்றப்பட்ட நிரலில்தான் இருந்தது. கார்டு நிறுவனத்துக்கு எழுதியதற்கு, நிரலை எழுதியவர்களைக் கேட்குமாறு பதில் வந்தது. நிரலை எழுதியவர்களோ, வன்பொருளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட பதிப்புகளுக்கு அந்த வன்பொருள் நிறுவனமே பொறுப்பு என்றார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதே இதில் வருத்தம் தருவது. மூல நிரல் கார்டு நிறுவனத்தின் கையில் இல்லை. மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலில் நான் இல்லை. பயனரை இப்படிக் கேட்பாரற்றவராக நிறுத்தும் ஏற்பாட்டை, எவ்வளவு மலிவானதாக இருந்தாலும், நியாயமானது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நிகழ்ச்சி வழிகாட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீடியா சென்டரின் உயிர் அதில்தான் இருக்கிறது. டிஜிட்டல் ஒளிபரப்பில் அலையோடு சேர்ந்தே அடுத்தடுத்த நிகழ்ச்சிகளின் விவரம் வருகிறது. அதைப் படிக்கும் மென்பொருள் யார் தயவும் இன்றி வேலை செய்யும். ஆனால் பல தொகுப்புகள் இணையச் சேவையகம் ஒன்றிலிருந்து அட்டவணையை எடுத்தன. அந்தச் சேவைக்கு யாரோ ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளில் அட்டவணை வெற்றுக் கட்டங்களாகிவிடும், அதை நம்பி வைத்திருந்த பதிவுக் குறிப்புகளும் வீணாகும். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. விண்டோஸ் மீடியா சென்டருக்கான வழிகாட்டிச் சேவையை மைக்ரோசாஃப்ட் 2020 சனவரியில் நிறுத்தியது. மித்டிவி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் நம்பியிருந்த ஜாப்2இட் லேப்ஸ் என்ற அட்டவணைச் சேவை 2007 செப்டம்பர் 1 அன்று மூடப்பட்டபோது, பயனர்கள் ஒன்றுகூடி ஷெட்யூல்ஸ் டைரக்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கி மாற்று வழி கண்டார்கள். பெயர்மாற்றப்பட்ட மென்பொருளின் பயனர்களுக்கு அப்படி ஒன்றுகூடவும் வழியில்லை; ஒரே நிரலைப் பத்துப் பெயர்களில் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இதற்கு நேர்மாறான ஒரு முடிவையும் குறிப்பிடுவது முறை. சேஜ்டிவி என்ற மீடியா சென்டரை 2011 இல் கூகுள் வாங்கியதும் அதன் விற்பனை நின்றது. பலரும் அதோடு முடிந்தது என்றே எண்ணினார்கள். 2015 இல் அதன் மூல நிரல் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டு, பழைய பயனர்களே அதைப் பேணத் தொடங்கினார்கள். சொந்தப் பெயரும் அப்பெயரைச் சுற்றிக் கூடிய மக்களும் இருந்ததால் அது நடந்தது என்பது என் கணிப்பு.

இப்படிப்பட்ட ட்யூனர் இன்னும் கையில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அதன் டிரைவர் மைக்ரோசாஃப்ட்டின் பிடிஏ என்ற பொதுக் கட்டமைப்பைப் பின்பற்றுகிறதா என்பதை. பின்பற்றினால் குறுவட்டில் வந்த மென்பொருளை மறந்துவிடலாம். நெக்ஸ்ட்பிவிஆர், மீடியாபோர்ட்டல், டிவிபிவியூவர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அதனோடு பேசும். வெறுமனே பார்ப்பதற்கு விஎல்சியே போதும். லினக்ஸில் டிரைவர்கள் சிப்பின் பெயரிலேயே இருப்பதால் பெட்டியின் பெயர் அங்கே ஒரு பொருட்டே ஆவதில்லை.

அடுத்தது, பழைய பதிவுகள். டிஜிட்டல் ட்யூனரிலிருந்து வருவது ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஓட்டம். 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக வரும் அதை அப்படியே எழுதிவைத்தால், மணிக்கு ஏறத்தாழ 2 கிகாபைட் அளவில், எந்த வீடியோ பிளேயரிலும் ஓடும் கோப்பு கிடைக்கும். ஆனால் சில மென்பொருள்கள் தமக்கே உரிய உறைக்குள், அதாவது தனிக் கோப்பு வடிவத்துக்குள், அதைப் போட்டுவைத்தன; விண்டோஸ் மீடியா சென்டரின் டிவிஆர்-எம்எஸ், டபிள்யூடிவி ஆகியவை அவற்றில் நன்கு அறியப்பட்டவை. மறு ஒளிபரப்பே காணாத நேர்காணல்களும் கச்சேரிகளும் பலருடைய வட்டுகளில் இத்தகைய கோப்புகளாகக் கிடக்கின்றன. பூட்டுள்ள மென்பொருள் ஸ்டிக் இல்லாமல் திறக்காது என்பதால், மாற்றிக்கொடுக்கும் வசதி அதற்குள் இருந்தால் ஸ்டிக் பழுதாகும் முன்பே அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பொதுவான உறைகளுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற கட்டளைவரி நிரல் போதுமானது. மீண்டும் சுருக்காமல் படத்தையும் ஒலியையும் நகலெடுத்துப் புதிய உறையில் வைக்கும் என்பதால் தரம் சிறிதும் குறையாது, ஒரு மணி நேரப் பதிவுக்குச் சில நிமிடமே ஆகும். எல்லாத் தடங்களும் வேண்டும் என்று கட்டளையில் தனியே சொல்லாவிட்டால் அது ஒரே ஒரு ஒலித்தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். எனவே இரு மொழிகளில் ஒலிபரப்பான நிகழ்ச்சிகளில் இரண்டாவது தடமும் வந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகே மூலக் கோப்பை அழியுங்கள்.