எடைக்குப் போன விலாசம்

“லண்டன் விலாசம் போட்டது அதுல எத்தனை இருந்துச்சு தம்பி?” என்று சார் கேட்டார்.

“எண்ணலைங்க சார்.”

நூலகத்திலிருந்து நான் எடைக்குப் போட்ட பழைய புத்தகக் கட்டுகளைப் பற்றித்தான் கேட்டார். அவர் கோபப்படவில்லை. குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். என் பதில்தான் இன்னும் என்னை விடவில்லை.

ஊட்டியில் ஆடி மழையில் பூட்டிக் கிடந்த புத்தக அலமாரியைத் திறந்தவர்களுக்கு அந்த வாசம் தெரியும். பூஞ்சை பிடித்த ஒன்று பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். பல வருஷமாக யாரும் எடுக்காதவை வேறு. பட்டியல் போட்டேன், கையெழுத்து வாங்கினேன், எடைக்குப் போட்டேன். விதிப்படிதான் செய்தேன்.

அந்தக் கட்டுகளில் லாங்மன்ஸ் என்ற லண்டன் பதிப்பகத்தின் புத்தகங்கள் நிறைய இருந்தன. தலைப்புப் பக்கத்தின் அடியில் ‘39, பேட்டர்நாஸ்டர் ரோ, லண்டன்’ என்று இருக்கும். சிலவற்றில் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸும் சேர்ந்து வரும். சார் அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே பேசுவார். லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தை ஒட்டிய புத்தகத் தெரு அது. 1719இல் ராபின்சன் குரூசோ வெளிவந்தது அங்கிருந்த ஒரு கடையிலிருந்துதான். 1724இல் அந்தக் கடையை வாங்கியவர் தாமஸ் லாங்மன்.

இரண்டாம் உலகப் போரில், 1940 டிசம்பர் 29, ஞாயிறு இரவு, அந்தத் தெருவில் ஜெர்மன் விமானங்களின் தீக்குண்டுகள் விழுந்தன. விடுமுறை, கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துவிட்டன. தேம்ஸ் ஆற்றிலும் நீர் வடிந்திருந்த நேரம். சுமார் 50 லட்சம் புத்தகங்கள் எரிந்ததாகச் சொல்கிறார்கள். சிம்ப்கின் மார்ஷல் என்ற மொத்த வியாபாரியின் சரக்கும் அதில் போனது. பழைய தெரு திரும்பி வரவில்லை. இப்போது அங்கே இருப்பது பேட்டர்நாஸ்டர் சதுக்கம்.

சார் இதைச் சொன்னபோது நான் கணினியில் பதிவேற்றிக்கொண்டே பாதிதான் காதில் வாங்கினேன். மீதியைத் தேடிப் படித்தது கட்டுகள் போன பிறகு. அந்தத் தீக்கு முன்பே கப்பலேறி, மலையேறி வந்து தப்பித்த பிரதிகள் அவை. அவற்றை என் கையால் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படி நினைப்பது கொஞ்சம் அதிகமோ என்றும் தோன்றும். பாதிக்கு மேல் பள்ளிப் பாடநூல்கள். அதே நூல்கள் வேறு ஊர்களில் இருக்கும். இராமபாணப் பூச்சி அரித்ததை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்? சரி, அந்த ஒரு பக்கத்தையாவது எடுத்து வைத்திருக்கலாமே. மற்ற புத்தகங்களைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்த அலமாரியில் அடுத்த மழைக்கும் பூஞ்சை வந்தது.

போன மாதம் பட்டியலின் நகலை எடுத்துப் பார்த்தேன், இப்போதாவது எண்ணிச் சொல்லலாம் என்று. பதிப்பகம் என்ற கட்டத்தில் முதல் வரியில் லாங்மன்ஸ். அதற்குக் கீழே பக்கம் முழுக்க மேற்படி, மேற்படி என்று என் கையெழுத்து. தெரு எரிந்த பிறகு வந்த பதிப்புகளில் விலாசம் வேறு. எது எந்த விலாசம் என்று அதில் இல்லை.