மூணு பேர் மாத்திரை, ஒரு ஆப்: பாப்பாவோட டிபி மருந்தை முடிச்ச கதை

எங்க வீட்ல ஒரே சமயத்துல மூணு பேருக்கு மாத்திரை ஓடுச்சுங்க. மாமனாருக்கு நுரையீரல் டிபி, அவர் மடியிலயே கிடந்த ஆறு வயசு பாப்பாவுக்கும் அது தொத்திருச்சு, பெரியவனுக்கு நோய் இல்லன்னாலும் வராம இருக்க தடுப்பு மாத்திரை. ஆப் வெச்சு குழந்தைக்கு எப்படி மருந்து குடுத்தீங்கன்னு தெரிஞ்சவங்க ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, அதான் எழுதறேன்.

கண்டுபிடிச்ச கதை பெருசா இல்ல. தாத்தாவுக்கு சளி டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்ததும் வீட்ல இருக்கற எல்லாரையும் பாத்தாங்க, பாப்பாவுக்கு எடையே ஏறாம சாயந்தரம் ஆனா காய்ச்சல் வந்துட்டு இருந்துச்சு. சின்னப் பசங்களுக்கு சளியைத் துப்பத் தெரியாது, முழுங்கிருவாங்க, அதனால காலைல வெறும் வயித்துல மூக்கு வழியா டியூப் போட்டு வயித்துல இருந்து எடுத்து சிபிநாட்னு டிபி கிருமி இருக்கான்னு பாக்கற டெஸ்ட் பண்ணாங்க. அதைப் பாக்க நமக்குத்தான் தெம்பு வேணும்.

அப்புறம் ஆறு மாசம் தினமும் மருந்து. எங்க பிரச்சனை மறதி இல்லங்க, கை ஜாஸ்தி! நாங்க திருப்பூர், நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனி, அவருக்கு ஷிப்ட் மாறிட்டே இருக்கும், ஒரு நாள் நான் குடுப்பேன், ஒரு நாள் அவரு, ஒரு நாள் எங்க அத்தை. கம்பெனிக்குப் போய் உக்காந்ததும் "பாப்பாவுக்கு குடுத்தாச்சா"ன்னு ஃபோன், அவரு நீ குடுத்தேன்னு நினைச்சேன்ம்பாரு, அத்தை நான் பாக்கலயேம்பாங்க. விட்டுப்போனாலும் தப்பு, பயத்துல ரெண்டு தடவை குடுத்துட்டாலும் தப்பு. ஆப் போட்டது இதுக்குத்தான்.

ப்ளே ஸ்டோர்ல சும்மா கிடைக்கற மாத்திரை ரிமைண்டர் ஆப்தான். ரெண்டு விஷயம் இருக்கான்னு மட்டும் பாருங்க, ஒரே ஆப்ல வேற வேற ஆளுக்கு தனி ப்ரொஃபைல் போட முடியணும், ஒருத்தர் டிக் பண்ணலன்னா இன்னொருத்தர் ஃபோனுக்கு மெசேஜ் போகணும். வீட்ல அத்தைகிட்ட இருக்கற பழைய ஃபோன்ல மூணு ப்ரொஃபைல் போட்டு எங்க ரெண்டு பேர் ஃபோனையும் சேத்துவிட்டோம். வெறும் வயித்துல குடுக்கணும்னு சொன்னதால காலைல ஆறரைக்கு அலாரம், அதுக்கு அவங்கப்பா குரலையே ரெகார்ட் பண்ணி வெச்சோம், "எந்திரி தங்கம், மாத்திரை"ன்னு. நைட் ஷிப்ட் போன அன்னைக்கும் அப்பா குரல்ல எந்திரிப்பா.

குழந்தைங்க மாத்திரை தண்ணில போட்டா கரையும், பழ வாசனையும் வரும், ஆனா அடில கசப்பு கசப்புதான். கூடவே எத்தாம்புட்டால்னு இன்னொரு டிபி மருந்து, தனி மாத்திரை. முதல் ரெண்டு வாரம் போராட்டம், கடைசில டிக் பட்டனை அவளே அமுக்கலாம்னு சொன்னதுக்கப்புறம்தான் ஒத்துக்கிட்டா. அதுலயும் ஒரு வேலை பண்ணிட்டா பாருங்க, அலாரம் அடிச்சதும் அத்தை டம்ளர் எடுத்துட்டு வர்றதுக்குள்ள டிக் அமுக்கிட்டு போர்வைக்குள்ள போயிட்டா! எங்க ஃபோன்ல எல்லாம் மருந்து சாப்டாச்சுன்னு வந்துருச்சு. அன்னைல இருந்து சட்டம், குடிச்சு அரை மணி நேரம் வாந்தி வராம இருந்தாதான் டிக். அரை மணிக்குள்ள வாந்தி எடுத்தா திரும்ப குடுக்கச் சொல்லி எங்களுக்கு சொல்லியிருந்தாங்க, நீங்க உங்க டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கங்க.

உண்மையா சொல்லணும்னா ஆப்பை விட நல்ல சாட்சி ஒண்ணுக்குதான். டிபி மாத்திரைல இருக்கற ரிஃபாம்பிசின்ங்கற மருந்து உள்ள போனா ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும். முதல் நாள் அத்தை ரத்தம்னு அலறிட்டாங்க, ஃபோட்டோ எடுத்து டிபி ஹெல்த் விசிட்டர் அக்காவுக்கு வாட்சப்ல அனுப்புனேன், "இது மருந்தோட கலர்ங்க, பயப்படாதீங்க, கண்ணு மஞ்சளானா, சாப்பாடே இறங்கலன்னா, பார்வை மங்கலா இருக்குன்னு சொன்னா உடனே கூப்புடுங்க"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. அந்த ஒரு மெசேஜ் எனக்கு எந்த ஆப்பும் தராத தைரியம் குடுத்துச்சு.

தாத்தாவுக்கு 99டாட்ஸ், அதாவது மாத்திரை எடுத்ததை ஃபோன் கால் வழியா பதிவு பண்ற முறை. அவர் மாத்திரை அட்டைக்கு மேல ஒரு கவர் இருக்கும், மாத்திரையைப் பிதுக்குனா பின்னாடி ஒளிஞ்சிருக்கற நம்பர் தெரியும், அதுக்கு காசில்லாம ஒரு கால் குடுத்தா போதும், சாதா பட்டன் ஃபோனே போதும். நம்பரை அமுக்கற வேலை பாப்பாவோடது, அவருக்கு கண்ணு சரியா தெரியாதுல்ல. யார் முதல்ல முடிக்கறதுன்னு ரெண்டு பேருக்கும் போட்டி. ஆனா அதுவும் மாத்திரையைப் பிதுக்குனதைத்தான் சொல்லும், முழுங்குனதைச் சொல்லாது.

குழந்தைக்கு ஆப் வைக்கறவங்க இதை மட்டும் மறக்காதீங்க, டோஸ் எடையைப் பொறுத்தது. 12ல இருந்து 15 கிலோ வரைக்கும் மூணு மாத்திரை, 16ல இருந்து 24 வரைக்கும் நாலு. பாப்பா ஆரம்பிக்கும்போது 15 கிலோ, பசி எடுக்க ஆரம்பிச்சதும் எடை ஏறி டோஸ் மாறிடுச்சு. ஆப் பாட்டுக்கு மூணுன்னே சொல்லிட்டு இருக்கும், நாமதான் மாத்தணும். ரெண்டு மாசம் முடிஞ்சதும் பைராசினமைடுங்கற மருந்தை நிறுத்திருவாங்க, அப்பவும் மாத்தணும்.

அப்புறம் அலாரத்துல டிபின்னு பேர் போடாதீங்க. ஸ்க்ரீன்ல பெருசா வரும், பக்கத்து வீட்டுப் பசங்க எல்லாம் அந்த ஃபோன்லதான் கேம் விளையாடுவாங்க. நாங்க "சத்து மாத்திரை"ன்னு போட்டோம். சின்னக் குழந்தைங்ககிட்ட இருந்து அடுத்தவங்களுக்கு பரவறது ரொம்ப கம்மி, அதுவும் மருந்து ஆரம்பிச்சதுக்கப்புறம், ஆனா இதை யார்கிட்ட உக்காந்து விளக்கறது?

கஷ்டமான காலம் மூணாவது மாசம்ங்க. காய்ச்சல் போயிருச்சு, குழந்தை ஓடி ஆடுது, அலாரம் அடிச்சா ஸ்னூஸ். இன்னும் எதுக்கு இவ்ளோ மருந்துன்னு வீட்லயே பேச்சு வந்துச்சு. லேசான டிபி இருக்கற குழந்தைங்களுக்கு நாலு மாசம் போதும்னு ஷைன்னு ஒரு ஆராய்ச்சி, நம்ம சென்னைல கூட நடந்துருக்கு, 2022ல வெளியாச்சு, அதைப் படிச்சுட்டு போய் டாக்டர்கிட்ட கேட்டேன். இவ எக்ஸ்ரேல இருந்த அளவுக்கு அது பொருந்தாது, ஆறு மாசம்தான்னு சொல்லிட்டார். அப்போ எங்களைத் தள்ளிவிட்டது வீட்டுக்காரர் ஃபோன்ல வந்த மெசேஜ்தான், டிக் இல்லன்னா மெஷின் ஓடற சத்தத்துல கூட வெளிய வந்து வீட்டுக்கு கால் பண்ணிருவாரு. திருவிழாவுக்கு ஊருக்குப் போனப்ப மட்டும் நெட் இல்லாம மெசேஜ் போகல, அலாரம் அடிச்சுச்சு. அதனால டிபி அட்டைலயும் பேனால டிக் போட்டுட்டே வந்தோம்.

நிக்‌ஷய் ஐடியை, அதான் டிபி நோயாளிக்கு அரசாங்கம் குடுக்கற பதிவு நம்பரை, ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க, எங்க போனாலும் கேப்பாங்க. டிபி ஆரோக்ய சாத்தின்னு அரசாங்க ஆப்பும் இருக்கு, சிகிச்சை விவரம் பாத்துக்கலாம். சத்துணவுக்கு அரசாங்கம் குடுக்கற பணம் எங்க சமயத்துல மாசம் 500 ரூபாய் வந்துச்சு, 2024 நவம்பர்ல இருந்து 1000 ஆக்கிட்டாங்க, பாப்பாவுக்கு தனி அக்கவுண்ட் இல்லாததால என் அக்கவுண்ட் நம்பரைக் குடுத்தோம். சந்தேகம்னா டிபி ஹெல்ப்லைன் 1800 11 6666க்கு கூப்புடுங்க, காசு கிடையாது.