13 கிராம் வெள்ளி

சேலம் செவ்வாப்பேட்டையில ஒரு கொலுசு பட்டறையில 7 வருஷமா கணக்கு எழுதுறேன். பட்டறையிலயே வேலை செய்யறவங்க கொஞ்சம் பேரு, வெள்ளிய எடை போட்டு வாங்கிட்டுப் போயி வீட்லயே சலங்கை வெச்சு நெருப்பு ஊதி ஒட்ட வெச்சு, அரம் போட்டு, திருப்பிக் கொண்டாந்து குடுக்கறவங்க மிச்சப் பேரு. அரம் போட்டா தூள் போகும், திராவகத்துல கழுவுனா கொஞ்சம் போகும், அதுக்குத்தான் சேதாரம்னு ஒரு கணக்கு. எங்க பட்டறையில கிலோவுக்கு 5 கிராம், அதுவும் வாய்ப்பேச்சுதான், எங்கயும் எழுதி வெக்கல.

இந்த வாய்ப்பேச்சு எத்தனையோ வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. 2024 ஆரம்பத்துல கிலோ 80,000 ரூபாய்க்குள்ள இருந்த வெள்ளி 2025ல ஒரு லட்சத்தத் தாண்டி ஏறிட்டே போச்சு பாருங்க, அதுவரைக்கும் ரெண்டு மூணு கிராம் கூடக் கொறைய இருந்தா கண்டுக்காதவங்க எல்லாம் தராசு முள்ளையே பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. எங்க மொதலாளி அண்ணாவும் அப்படித்தான், அவரையும் தப்பு சொல்ல முடியாது, கொலுசு வாங்கற வியாபாரி அவருகிட்ட மில்லி கிராம் வரைக்கும் கணக்குக் கேக்கறான்.

அண்ணாவோட அப்பா காலத்துல இருந்து வேலை வாங்கிட்டுப் போற ஒரு அக்கா இருக்காங்க. அண்ணாவ தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க கொண்டாந்த 3 கிலோ சரக்குல 28 கிராம் கொறைஞ்சிருச்சு. சேதாரம் 15 போக 13 கிராம் இடிக்குது. அன்னைக்கு விலைக்கு ஏறக்குறைய 1,500 ரூபாய், அத கூலியில புடிங்கன்னுட்டாரு அண்ணா. அக்கா ஒரு வார்த்த பேசாம எந்திரிச்சுப் போயிட்டாங்க, அடுத்த நாள் வேலை வாங்கவும் வரல.

அண்ணா அன்னைக்கு ராத்திரியே சாட்ஜிபிடில அவரு பக்கத்த மட்டும் டைப் பண்ணிக் கேட்டிருக்காரு, நீங்க செஞ்சது நியாயம்னு பதில் வந்துச்சுன்னு காலையில எல்லாருக்கும் காட்டுனாரு. அங்க அக்கா பையன் காலேஜ் படிக்கறவன், அவனும் அவன் போன்ல கேட்டிருக்கான், கூலியில புடிக்கறது அநியாயம்னு வந்திருக்கு. ரெண்டு பேர் கையிலயும் ஒவ்வொரு தீர்ப்பு. முன்னாடி கோவம் மட்டுந்தான் இருந்துச்சு, இப்ப கோவத்துக்கு சாட்சியும் வந்திருச்சு. இந்த ஏஐ எல்லாம் மனுசங்க எந்த பதில நல்லாருக்குன்னு சொல்றாங்களோ அத வெச்சும் பழக்கப்பட்டது, நம்மள ஆமோதிக்கற பதிலத்தானே நமக்குப் புடிக்கும். 2025 ஏப்ரல்ல சாட்ஜிபிடி செஞ்ச ஓப்பன்ஏஐ கம்பெனியே அவங்க மாடல் அளவுக்கு மீறி ஜால்ரா போடுதுன்னு ஒரு அப்டேட்ட வாபஸ் வாங்குனாங்க.

நான் ரெண்டு பக்கத்தையும் சேத்து, பேரு எதுவும் போடாம, ஒரே இடத்துல எழுதிக் கேட்டேன். ஆளுக்குப் பாதி ஏத்துக்கிட்டா சுமுகமா முடியும்னு சொல்லுச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அண்ணாவுக்கு 750 ரூபாய் ஒரு நாள் டீ செலவு, அக்காவுக்கு அது வீட்டு செலவு, இத பாதின்னு எப்படி சொல்றதுங்க. எனக்கு மனசு ஒப்பல.

அப்பத்தான் முன்ன படிச்ச ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. கூகுள் டீப்மைண்ட்ல ஹேபர்மாஸ் மெஷின்னு மத்தியஸ்தம் பண்ற ஒரு ஏஐ செஞ்சு 2024 அக்டோபர்ல சயின்ஸ் இதழ்ல எழுதியிருந்தாங்க. பிரிட்டன்ல 5,000 பேருக்கு மேல வெச்சு பாத்திருக்காங்க. அது தீர்ப்பே சொல்றதில்ல, ஒவ்வொருத்தர் கருத்தையும் வாங்கி எல்லாரும் ஏத்துக்கற மாதிரி ஒரு வாசகம் எழுதும், அதுல என்ன கொறைன்னு அவங்ககிட்டயே கேக்கும், திருத்தி மறுபடி எழுதும். மனுச மத்தியஸ்தர் எழுதுனத விட இது எழுதுனத 56 சதவீதம் தடவை ஆளுங்க விரும்பியிருக்காங்க. அந்த கொறை கேட்டுத் திருத்தற இடம் எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு.

ஞாயித்துக்கெழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவங்க பேசப் பேச போன்ல ஏத்தி, யாரு சரின்னு சொல்லாத, இவங்க சொல்றது அவருக்குப் புரியற மாதிரி மட்டும் எழுதுன்னு கேட்டேன். "எனது உழைப்பூதியத்தில் பிடித்தம் செய்ததால் நிதி இழப்பு ஏற்பட்டது"ன்னு ஆரம்பிச்சுது. படிச்சுக் காட்டுனேன். அக்கா கொஞ்ச நேரம் கம்முனு இருந்தாங்க.

"காசு கெடக்குது கண்ணு. நேத்து வந்த பசங்க முன்னாடி என் பையக் கொட்டி உதறிப் பாக்கச் சொன்னாரே தம்பி, அத எழுது. அவங்கப்பா ஒரு நாளும் என் பையத் தொட்டதில்ல."

நானும் அங்கதான் உக்காந்திருந்தேன் அன்னைக்கு. பை கொட்டுனத பாத்தேன், ஆனா எனக்கு அது பெருசா படல, கணக்கு நோட்டுல 13 கிராம்னு மட்டும் எழுதி வெச்சேன். அத நெனச்சா இப்பவும் கஷ்டமா இருக்கு. மெஷின் எழுதுன அந்த தப்பான வரி மட்டும் வரலைன்னா அக்கா வாயில இருந்து இது வந்திருக்குமான்னு தெரியல. நான் நேரா கேட்டப்ப எல்லாம் "ஒண்ணுமில்ல விடு"ன்னுதான் சொன்னாங்க. தப்பா எழுதுனத திருத்தறப்ப மனுசனுக்கு நெஜம் வெளிய வந்துருது போல.

அண்ணா பக்கத்தையும் அதே மாதிரி எழுதுனேன். கடன் வாங்கி வெள்ளி போடறாரு, விலை ஏறுனதுல ராத்திரி தூக்கமில்ல, அதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. ரெண்டு காகிதத்தையும் பிரிண்ட் எடுத்து மாத்திக் குடுத்தேன். அண்ணா அந்தப் பை வரிய படிச்சிட்டு கண்ணாடியக் கழட்டி மேசை மேல வெச்சாரு. கொஞ்ச நேரம் கழிச்சு வண்டிச் சாவிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அக்கா வீட்டுல என்ன பேசிக்கிட்டாங்கன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல.

சனிக்கெழமை கூலி முழுசாப் போச்சு. இப்ப குடுக்கறப்பவும் வாங்கறப்பவும் அவங்கவங்க கண்ணு முன்னாடியே எடை போட்டு நோட்டுல ரெண்டு கையெழுத்து. சேதாரமும் எழுதியாச்சு, அத எவ்வளவுன்னு வெக்கறதுன்னு அவங்களே உக்காந்து பேசி முடிச்சாங்க, போன எடுக்கவே இல்ல. அக்கா மறுபடி வேலை வாங்கிட்டுப் போறாங்க. ஆனா முன்ன எல்லாம் வந்தா அரை மணி நேரம் உக்காந்து ஊர்க்கதை பேசுவாங்க, இப்ப கையெழுத்துப் போட்டதும் பைய எடுத்து இடுப்புல வெச்சுக்கிட்டு கெளம்பிடறாங்க.