பகடையில் ஆறு விழுந்தால்

"ஆறு!"

தொப்பி, மஃப்ளர் மாட்டி, கையுறைக்குள் விரலைத் திணிப்பதற்குள் பக்கத்துக் குழந்தைக்கும் ஆறு. எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் பிறந்தநாள் வீடுகளில் ஆடும் சாக்லேட் ஆட்டம் இது. பகடையில் ஆறு போட்டவர் மூன்றையும் அணிந்த பிறகு, கத்தியும் முள்கரண்டியும் கொண்டுதான் சாக்லேட்டை வெட்டித் தின்ன வேண்டும். கை படக்கூடாது.

இதில் உயிர்நாடி கையுறை. பெரியவர்களின் தடித்த கம்பளிக் கையுறையாக இருக்கட்டும். விரலோடு ஒட்டிய மெல்லியது என்றால் ஆட்டம் சப்பென்று போய்விடும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததுமே வைத்தால் சாக்லேட் தெறித்து ஓடும். அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். பீங்கான் தட்டு வழுக்கும், மரப்பலகைதான் சரி. கத்தி மழுங்கியது போதும்.

ஆறு வயதும் பன்னிரண்டு வயதும் சமமாக மோதும் ஆட்டம் இது, பகடைக்கு வயது தெரியாதே.

எட்டுப் பேருக்கு மேல் என்றால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள். முறை வராமல் காத்திருக்கும் சின்னக் குழந்தை அழுதுவிடும்.