சார்ட்டின் மேல் எழுதிய தலைப்பு

அந்தத் தலைப்பை நான்தான் எழுதினேன். யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. 'சருமப் பொலிவுக்கும் கூந்தல் வளர்ச்சிக்குமான உணவு முறை' என்று டயட் சார்ட்டின் உச்சியில், கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே இருந்ததெல்லாம் ரத்தசோகைக்கான சாப்பாடு.

ரத்தசோகை என்று போட வேண்டாம் என்று கேட்டது பெண்ணின் அம்மா. "மேடம், அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். சார்ட்ட ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வைப்போம். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க பத்திரிகை, புடவைன்னு வந்து போய்க்கிட்டு இருக்காங்க. பொண்ணுக்கு ஏதோ வியாதின்னு ஆயிடும்." பெண் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் "சரிங்கம்மா" என்றேன். நடந்தது இவ்வளவுதான். ஓபியில் தினமும் இதைவிடப் பெரிய விஷயங்கள் நடக்கின்றன. அதில் எதுவும் ராத்திரி பாத்திரம் கழுவும்போது நினைவுக்கு வருவதில்லை, இது வருகிறது.

ஆடி பிறப்பதற்கு முன்பே ஆவணி முகூர்த்தப் பெண்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். மார்கழிக்கு முன்னால் தை மாதத்துப் பெண்கள். கேட்பதும் மாறாது: முகம் பளிச்சென்று ஆகணும், முடி கொட்டுறது நிக்கணும், ஜாக்கெட் அளவு ஒரு சுற்று குறையணும். முதல் இரண்டுக்கும் சாப்பிட வேண்டும், மூன்றாவதை அவசரமாகச் செய்தால் முதல் இரண்டும் போய்விடும் என்று சொன்னால், யூடியூபில் மூன்றும் நடக்கிறதே என்பார்கள்.

இந்தப் பெண்ணும் அப்படித்தான். நிச்சயதார்த்த போட்டோவைப் பார்த்து யாரோ ஒருவர் "பொண்ணு கொஞ்சம் பூசினாப்புல இருக்கா" என்று சொல்லியிருக்கிறார். நல்ல அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பார், எங்கள் மதுரைப் பக்கம் அது பாராட்டு. அன்றிலிருந்து காலையில் கிரீன் டீ, மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி இரண்டு சப்பாத்தி. நடுவில் பளபளப்புக்கு கேரட் ஜூஸ், அதுவும் சொம்பு சொம்பாக. முடிக்கு ஆன்லைனில் வாங்கிய பயோட்டின் மிட்டாய், ஒன்றில் 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குப் போதுமான அளவு சுமார் 30 மைக்ரோகிராம்தான், அது அன்றாடச் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். பயோட்டின் குறைபாடு அபூர்வம். இவ்வளவு பயோட்டின் உடம்பில் இருந்தால் தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனை முடிவுகள் தப்பாக வரலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இலேயே எச்சரித்திருக்கிறது. அதனால் முதலில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் தைராய்டுக்கு அனுப்பினோம்.

அம்மா குளியலறையில் விழுந்த முடியைச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். கவரை மேஜை மேல் வைத்துவிட்டு, மகளின் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள். விரல் ரேகைகளுக்குள் கூட மஞ்சள் இறங்கியிருந்தது. "காமாலையா மேடம்?" என்று அவர் கேட்டபோது குரல் போய்விட்டது. நான் பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. காமாலை என்றால் முதலில் அங்கேதான் தெரியும். இது கேரட்டின் நிறம், தோலில் ஏறியிருக்கிறது. ஜூஸை நிறுத்தினால் சில வாரங்களில் போய்விடும். ஆனால் இமையின் உட்புறம் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. அதை அப்போது சொல்லவில்லை.

அதற்குள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காமாலை இல்லை என்ற நிம்மதியில். "சோறு திங்க மாட்டேங்கிறா, ஆனா பச்சரிசிய அள்ளி அள்ளி வாயில போடுறா மேடம். கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டப் போகுதுன்னு அவ அப்பத்தா சொல்லிக்கிட்டே கிடக்கு." அரிசி தின்றால் கல்யாணத்தில் மழை வரும் என்று கேட்டு வளர்ந்தவள்தான் நானும். ஆனால் இந்த வேலைக்கு வந்த பிறகு அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு மழை நினைவுக்கு வருவதில்லை. அரிசி, சாம்பல், ஐஸ் கட்டி என்று எதையாவது மெல்லத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரும் விஷயம். டாக்டரிடம் சொல்லி ரத்தம் எடுத்தோம். ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. 15க்குக் கீழே போனாலே கையிருப்பு காலி என்றுதான் கணக்கு.

மாதவிலக்கு எப்படி என்று கேட்டேன். "அதெல்லாம் சரியா வருது" என்று அம்மா பதில் சொன்னார். சரியாக வருகிறது, சரி. எவ்வளவு போகிறது? பெண் அப்போதுதான் போனிலிருந்து நிமிர்ந்து, மூன்று நாள் ஆபீஸுக்கே போக முடியாது என்று மெதுவாகச் சொன்னாள். டாக்டர் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். "கல்யாணம் முடியட்டும் டாக்டர்" என்றார் அம்மா. அந்தச் சீட்டு என்ன ஆனதென்று தெரியாது.

சரி, தலைப்புக்கு வருகிறேன். நான் எழுதியது பொய்யா? இன்று கொட்டும் முடி இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே கொட்ட முடிவாகிவிட்ட முடி. பட்டினி, டெங்கு, டைபாய்டு, பிரசவம், எதுவானாலும் முடி தாமதமாகத்தான் பதில் சொல்லும். திரும்ப வளர்வதும் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான். எனவே ஆவணிக்குள் கூந்தல் வளராது, இதை அவர்களிடம் சொல்லியும் விட்டேன். ஆனால் வெளுப்புப் போகும். உதட்டிலும் கன்னத்திலும் ரத்தம் தெரியும். 'சருமப் பொலிவு' என்றால் வேறென்ன? தோலின் மேலடுக்கு புதிதாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், அவர்களுக்கு அதைவிட அதிக நாள் இருந்தது. தலைப்பில் பாதி உண்மை இருந்தது. பாதிக்கு மேலேயே என்றும் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. அவள் சாப்பிட்டாள். உடம்புக்கு நல்லது என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண், முகத்துக்கு நல்லது என்றதும் முருங்கைக்கீரை அடை சாப்பிட்டாள். காலையில் இரண்டு முட்டை. பதினோரு மணிக்குச் சுண்டல், அதன் மேல் எலுமிச்சை பிழிந்து. வாரம் இரண்டு நாள் ஈரலோ, சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலோ. சுவரொட்டி என்றதும் மூக்கைச் சுளித்தாள், "கன்னத்துல தெரியும்மா" என்றேன், வறுத்துக் கொடுக்கச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறாள். சாப்பிட்டவுடன் டீ கூடாது, ஒரு மணி நேரம் கழித்துத்தான். டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை நெல்லிக்காய்ச் சாறோடு, பாலோடு வேண்டாம். பீட்ரூட் ஜூஸ் போட்டுக் குடிக்கலாமா என்று கேட்டார்கள். நிறம்தான் சிவப்பு, 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்பு கூடத் தேறாது, வேண்டுமானால் குடியுங்கள் என்றேன். இதையெல்லாம் 'ரத்தசோகை நோயாளிக்கான உணவு' என்று போட்டுக் கொடுத்திருந்தால் ஃபிரிட்ஜ் வரை போயிருக்குமா? மருத்துவமனை ஃபைலோடு பீரோவில் கிடந்திருக்கும்.

இதை எங்கள் டாக்டரிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். "ரிப்போர்ட்ல இருக்கு, மாத்திரைச் சீட்டுல இருக்கு, சார்ட்ல என்ன தலைப்பு இருந்தா என்ன?" என்றார். நியாயம்தான். ஆனால் ரிப்போர்ட்டை யார் படிக்கிறார்கள்? வீட்டில் கண்ணில் படுவது சார்ட் மட்டும்தான். கூட வேலை செய்யும் இன்னொரு டயட்டீஷியன் வேறு மாதிரி சொன்னாள்: "அந்தம்மா வெக்கப்பட்டாங்க, நீயும் சேர்ந்து வெக்கப்பட்டுட்ட." அது சுருக்கென்றது. உடனே பதில் சொல்ல வரவில்லை, வீட்டுக்கு வந்த பிறகு நிறைய பதில் வந்தது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. அப்படியென்றால் சார்ட்டைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடிய நாத்தனார், ஓரகத்தி, சித்தி எல்லோரிலும் பாதிப் பேருக்கு இது இருக்கலாம். ஊருக்கே இருப்பதை ஒரு பெண்ணின் குறையாக்கி மறைத்து வைக்கிறோம். இதை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். அப்புறம் அடுத்த டோக்கன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வரும். தவிர, கல்யாணம் நின்றுபோனால் புள்ளிவிவரம் வந்து பந்தல் போடுமா? அவர் பயம் வெறும் கற்பனை இல்லை. இந்த ஊரில் அதற்கும் குறைவான காரணத்துக்கு நின்றுபோன சம்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன்.

முகூர்த்தத்துக்கு முன்னால் எடுத்ததில் 11.4. அரிசி தின்பது நின்றுவிட்டது. கைகளில் மஞ்சள் இல்லை, மருதாணி இருந்தது. அம்மா பத்திரிகை வைத்தார். என்னால் போக முடியவில்லை. போட்டோ அனுப்பினார்கள், மேக்கப்பில் என்ன தெரியும், ஆனாலும் நன்றாகத்தான் இருந்தாள். மாத்திரையை நிறுத்திவிடாதே, ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் போட்டால்தான் சேமிப்பு நிரம்பும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். சார்ட்டின் அடியிலும் எழுதியிருந்தேன். அடியில் எழுதியது தலைப்பை விடச் சின்ன எழுத்துதான்.

மறுபடி அவளைப் பார்த்தது மகப்பேறு ஓபி வாசலில். புருஷனோடு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் இருந்த அட்டையில் ஹீமோகுளோபின் 9.3. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போகக் கூடாது. "மாத்திரை எப்பம்மா நிறுத்துன?" என்று கேட்டேன். ஒளிக்கவோ தயங்கவோ இல்லை. "கல்யாணத்தோட நிறுத்திட்டேன் மேடம். அது அழகுக்குத்தானே?"

இந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் மேல் கோபம் வரவில்லை. கல்யாணத்துக்கென்று கொடுத்ததைக் கல்யாணத்தோடு நிறுத்தியிருக்கிறாள், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. உடனே இன்னொரு பக்கம் பேச ஆரம்பிக்கும்: ரத்தசோகை என்று தெரிந்தே மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்கள் எத்தனை பேர். மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல், வாய் கசக்கிறது என்று விடுகிறார்கள். அவர்கள் சார்ட்டில் நான் நோயின் பெயரைத் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். அதுவும் போக, அவளுக்கு அதிகமாகப் போன உதிரத்தை எந்தச் சுவரொட்டியும் ஈடுகட்டியிருக்காது. மூலகாரணத்தை யாருமே பார்க்கவில்லை. தலைப்பு மாறியிருந்தால் அந்தச் சீட்டோடு மகப்பேறு மருத்துவரிடம் போயிருப்பார்களா? தெரியாது. போயிருக்கவும் கூடும். இந்த 'கூடும்' என்பதுதான் தொல்லை.

போன வாரம் அந்த அம்மா இரண்டாவது மகளைக் கூட்டி வந்தார். கல்லூரிப் பெண். நெற்றி முழுக்கப் பரு. மூத்தவளுக்கு மாத்திரையும் ஊசியும் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஏறி வருகிறது என்றார். அப்புறம் இயல்பாகச் சொன்னார்: "அவளுக்குக் குடுத்தீங்களே, அந்த அழகு சார்ட், அதையே இவளுக்கும் ஒண்ணு குடுங்க. நல்லா வேலை செஞ்சுது." அவரைப் பொறுத்தவரை அது பலித்த சார்ட். அக்கம்பக்கத்தில் கூட ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறாராம்.

முதலில் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துவிடலாம் என்றேன். "இவளுக்கு இன்னும் மாப்பிள்ளையே பாக்கலையே மேடம், இப்ப எதுக்கு டெஸ்ட்?" என்றார். நிஜமான ஆச்சரியத்தோடுதான் கேட்டார்.

அப்போது உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். மூத்தவளின் ரிப்போர்ட்டில் இருந்து ஆரம்பித்து. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மா கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கத் தயாராக இருந்தார். என் வாயிலிருந்து வந்தது, "பரு எதனாலன்னு பாக்கணும்ல, அதுக்குத்தான்." பருவுக்கும் ஹீமோகுளோபினுக்கும் சம்பந்தமில்லை. அம்மா உடனே சரி என்றுவிட்டார். சீட்டை எழுதி லேபுக்கு அனுப்பிவிட்டு, ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் என்ன எழுதுவது என்று பார்த்துக்கொள்ளலாம் என்று சார்ட் பேடை ஒதுக்கி வைத்தேன். வெளியே அடுத்து இருந்தவரும் ஐப்பசிக் கல்யாணத்துப் பெண்தான், கையில் ஒரு கவர் வைத்திருந்தாள்.